பாம்பு என்று தெரியும் முன்பே உடம்பு ஏன் பதறுகிறது?

கேள்வி: போன ஐப்பசி மழையில் எங்கள் கொல்லைப்புறக் குளியலறையில், வாளிக்குப் பின்னால் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. யாரையும் கடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் வந்து கோலால் தள்ளி வாய்க்கால் பக்கம் விரட்டிவிட்டான். அதற்கப்புறம் தண்ணீர்க் குழாய் சுருண்டு கிடந்தாலும், கொடிக்கயிறு அறுந்து தரையில் கிடந்தாலும், அது என்ன என்று பார்ப்பதற்குள் என் கால் பின்னால் போய்விடுகிறது. போனில் எதையாவது தள்ளிக்கொண்டே போகும்போது காரணமே தெரியாமல் நெஞ்சு படபடக்கும். திரும்ப மேலே போய்ப் பார்த்தால் திரையின் ஓரத்தில் ஒரு பாம்புப் படம் இருந்திருக்கும். நான் பார்க்காததை என் உடம்பு எப்படிப் பார்த்தது? எல்லாம் கற்பனை என்கிறார் கணவர். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் படங்களைச் செருகி மனத்தையே மாற்றிவிடலாம் என்று ஒரு வீடியோவை அனுப்பியிருக்கிறார் கொழுந்தனார். அதைப் பார்த்ததிலிருந்து போனைத் தொடவே பயமாக இருக்கிறது. இரண்டு வயதில் மகள் இருக்கிறாள். என் மூளையில் ஏதாவது கோளாறா?
— காவிரிப் படுகையிலிருந்து ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் மூளைக் கோளாறுக்கான அறிகுறி எதுவும் இல்லை. உங்கள் கணவர் சொல்வது போல இது கற்பனையும் இல்லை. உங்கள் உடம்பு உண்மையாகவே உங்களை முந்திக்கொள்கிறது. அதை ஆய்வுக்கூடத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஆர்னே ஓமன் தன் சகாவுடன் சேர்ந்து 1994-ல் வெளியிட்ட ஓர் ஆய்வைச் சொல்கிறேன், ஏனென்றால் அது உங்கள் கதைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. பாம்புக்குப் பயந்து சிலந்திக்குப் பயப்படாதவர்கள், சிலந்திக்குப் பயந்து பாம்புக்குப் பயப்படாதவர்கள், இரண்டுக்கும் பயப்படாதவர்கள் என்று மூன்று வகையினரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவரையும் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, விரலில் வியர்வை எவ்வளவு கூடுகிறது என்று அளக்கும் சிறு கருவியை மாட்டினார்கள். திரையில் பாம்பு, சிலந்தி, பூ, காளான் படங்கள் மாறி மாறி வந்தன. ஒவ்வொரு படமும் 30 மில்லி விநாடிதான் இருந்தது. ஒரு விநாடியில் 33 படங்களைக் காட்டி முடித்துவிடலாம் என்கிற வேகம் அது. படம் மறைந்த உடனே அதே இடத்தில், கண்டபடி வெட்டிக் கலைத்து ஒட்டிய ஒரு படம் வந்து முந்தையதை அழித்துவிட்டது. பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கலைந்த படம் மட்டும்தான். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனாலும் பாம்புக்குப் பயந்தவர்களின் விரல் பாம்புப் படத்துக்கு வியர்த்தது, சிலந்திப் படத்துக்கு அப்படி வியர்க்கவில்லை. சிலந்திக்குப் பயந்தவர்களிடம் இது அப்படியே திருப்பி நடந்தது. இரண்டுக்கும் பயப்படாதவர்களின் விரல் எந்தப் படத்துக்கும் தனியாக எதுவும் செய்யவில்லை.

இந்தக் கடைசி இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத படம் எல்லோரையும் ஆட்டிவைப்பதில்லை. யாருக்கு எதன் மேல் ஏற்கெனவே பயம் இருக்கிறதோ, அவர்களுக்கு அதுதான் பிடிபடுகிறது. உங்கள் உடம்பு திரையின் ஓரத்தில் பாம்பைக் கண்டுபிடிப்பதற்குக் காரணம், ஐப்பசியில் அந்த வாளிக்குப் பின்னால் பார்த்ததை அது இன்னும் தேடிக்கொண்டிருப்பதுதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் பெரியவர்கள் சொன்னதும் இதைத்தான். பயத்தைக் குறைத்தால் இந்தப் பதற்றமும் குறையும். கண்ணையோ மூளையையோ வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை.

சரி, பார்க்காததை உடம்பு எப்படிப் பார்க்கிறது?

கண்ணிலிருந்து கிளம்பும் செய்தி மூளைக்குள் ஒரே வழியில் போவதில்லை. பெரும்பகுதி தலையின் பின்பக்கத்தில் இருக்கும் பார்வைப் புறணிக்குப் போகிறது. நிறம், உருவம், இது கயிறு, இது குழாய் என்கிற விவரமெல்லாம் அங்கிருந்து தொடங்கித்தான் உருவாகிறது. அதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். இன்னொரு சிறு பகுதி மூளையின் நடுவில் இருக்கும் பழைய பாகங்களுக்குப் போகிறது. அங்கே விவரம் கிடைக்காது. நீளமானது, வளைந்தது, நகர்கிறது என்கிற அளவுக்கு ஒரு மங்கலான உருவம்தான் கிடைக்கும். ஆபத்தைக் கணிப்பதில் பெரிய பங்கு வகிக்கும் அமிக்டலா என்கிற பாதாம் கொட்டை அளவுப் பகுதிக்கு இந்த மங்கல் செய்தியே போதுமாக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. வலிப்பு நோய் சிகிச்சைக்காக மூளைக்குள் மின்முனை பொருத்தப்பட்டிருந்தவர்களிடம் அளந்து 2016-ல் வெளியிட்டார்கள். பயந்த முகத்தைக் காட்டியபோது, 74 மில்லி விநாடியிலேயே அமிக்டலா அசைந்திருந்தது. ‘நான் இதைப் பார்க்கிறேன்’ என்று நமக்குத் தெரியவருவதற்கு அதைப் போலப் பல மடங்கு நேரம் ஆகும்.

இதைவிட என்னை அசரவைப்பது ஜெனீவாவில் ஆராயப்பட்ட ஒரு நோயாளியின் கதை. அவர் ஒரு மருத்துவர். அடுத்தடுத்து வந்த இரண்டு பக்கவாதங்களால் இரு பக்கப் பார்வைப் புறணியும் அழிந்து முழுக்கப் பார்வை இழந்தவர். கண்ணில் பழுது இல்லை, பார்க்கும் மூளைதான் இல்லை. அவருக்குக் கோபமான முகம், பயந்த முகம், மகிழ்ச்சியான முகம் என்று காட்டியபோது, எதுவும் தெரியவில்லை என்றார். ஆனால் முகத்தில் உணர்ச்சி இருந்தபோது அவருடைய வலப்பக்க அமிக்டலா அதற்கேற்ப இயங்கியது. பிறகு இதே மனிதரை, பெட்டிகளும் சாமான்களும் இறைந்து கிடந்த ஒரு நடைபாதையில் கைத்தடி இல்லாமல் நடக்கச் சொன்னார்கள். ஒன்றிலும் இடிக்காமல் வளைந்து வளைந்து நடந்துபோனார். 2008-ல் இது வெளியானது. பார்ப்பதும், பார்க்கிறோம் என்று அறிவதும் இரண்டு வேலைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

கயிற்றைப் பாம்பென்று மயங்குவதை வேதாந்தம் பேசுபவர்கள் மாயைக்கு உதாரணம் காட்டுவார்கள். உடம்பின் கணக்கில் அது மயக்கமே இல்லை. நூறு தடவை கயிற்றைப் பார்த்துத் துள்ளினால் கொஞ்சம் வியர்வைதான் நஷ்டம். ஒரே ஒரு தடவை விரியனைக் கயிறு என்று நினைத்துவிட்டால் உயிரே போகலாம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். வயலும் வாய்க்காலும் சூழ்ந்த ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வெறும் எண் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே உங்கள் பயத்தை முட்டாள்தனம் என்று யாரும் சொல்ல நான் விடமாட்டேன். உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்.

இனி கொழுந்தனார் அனுப்பிய வீடியோ. கண்ணுக்குத் தெரியாத படத்தால் மனத்தை மாற்றலாம் என்கிற கதைக்குப் பெரிய புகழ் வந்தது 1957-ல். அமெரிக்காவில் ஜேம்ஸ் விகாரி என்ற விளம்பர ஆராய்ச்சியாளர், நியூஜெர்சியில் ஒரு திரையரங்கில் படத்தின் நடுவே ‘பாப்கார்ன் சாப்பிடு’, ‘கோகோ கோலா குடி’ என்று கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் காட்டியதாகவும், விற்பனை எகிறியதாகவும் அறிவித்தார். ஊரே பதறியது. சில ஆண்டுகள் கழித்து 1962-ல், அது தன் தொழிலைத் தூக்கி நிறுத்தச் செய்த வித்தை என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பொய்தான் இன்றைக்கும் வேறு வேறு உருவில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

உண்மையான ஆய்வுகளும் நாம் நினைக்கிற அளவுக்குப் பலமாக இல்லை. அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது. ஒரு சோதனை முறையில், திரையில் இடப்பக்கம் ஒரு பயமுறுத்தும் படமும் வலப்பக்கம் ஒரு சாதாரணப் படமும் கண்சிமிட்டும் நேரத்துக்கும் குறைவாக வந்து மறையும். உடனே ஏதாவது ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி தோன்றும். புள்ளி எந்தப் பக்கம் என்று பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். பயமுறுத்தும் படம் இருந்த பக்கத்தில் புள்ளி வந்தால் கை கொஞ்சம் வேகமாக அழுத்துகிறதா என்று பார்ப்பார்கள். வேகமாக அழுத்தினால், படம் தெரியாவிட்டாலும் கவனம் முன்பே அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது என்று பொருள். இது போன்ற மூன்று முறைகளில் நடந்த சோதனைகளை, மொத்தம் 2,696 பேரின் முடிவுகளை, பிரிட்டன் ஆய்வாளர்கள் 2016-ல் ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். இந்தப் புள்ளிச் சோதனையில் ஒரு சாய்வு இருந்தது, ஆனால் சிறியது. மூன்று முறைகளிலும் உறுதியாக முந்தி நின்றது பயந்த மனித முகம் மட்டும்தான். அந்தப் படம் பங்கேற்றவருக்கு நிஜமாகவே தெரியவில்லையா என்பதைப் பல ஆய்வுகள் கறாராகச் சோதிக்கவில்லை என்பதும் வெளியே வந்தது. 33 மில்லி விநாடி காட்டிய பயந்த முகத்தை நிறையப் பேர் கண்டுபிடித்துவிடுகிறார்கள் என்று 2005-லேயே இன்னொரு குழு காட்டியிருந்தது. ஆக, ஒளித்துவைத்த படம் நம் கவனத்தை ஓரளவு இழுக்கலாம், ஏற்கெனவே பயந்தவரின் விரலை வியர்க்கவைக்கலாம். உங்கள் மனத்தை எடுத்து வேறொன்றாக மாற்றுவது அதனால் ஆகாது.

உங்கள் போனில் நடப்பது ஒளித்துவைத்த படமும் இல்லை. நீங்கள் நடுவில் இருக்கும் எழுத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், பாம்புப் படம் ஓரத்தில் முழுசாகவே இருந்தது. கண்ணில் பட்டது, ஆனால் நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. விழியின் ஓரத்தில் நமக்கு விவரம் தெரியாது, ஆனால் உருவத்தின் வளைவும் அசைவும் நன்றாகவே பிடிபடும். மங்கலாக்கிய படங்களில் மற்ற விலங்குகளைவிடப் பாம்பை மனிதர்கள் முன்னதாக அடையாளம் கண்டுகொள்கிறார்கள் என்று ஜப்பானில் சோதித்திருக்கிறார்கள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக் குழந்தைகளும் தொடுதிரையில் பூ, தவளை, கம்பளிப்புழு படங்களைவிடப் பாம்புப் படத்தை வேகமாகக் கண்டுபிடித்துத் தொடுகிறார்கள். பாம்பைக் கண்டுபிடிப்பதில் மனிதக் கண்ணே கொஞ்சம் கெட்டி. உங்களுக்கு அதன் மேல் பயமும் சேர்ந்துகொண்டது. போனைத் தாராளமாகத் தொடுங்கள்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது.

அந்த முதல் துள்ளலை நிறுத்த முயற்சி செய்யாதீர்கள். அது நீங்கள் யோசிக்கும் முன்பே முடிந்துபோன காரியம், உங்கள் பேச்சைக் கேட்காது. ‘இனிமேல் துள்ளக் கூடாது’ என்று மனத்துக்குள் காவல் காத்தால், பாம்பு எங்கே என்று நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள், துள்ளல் கூடத்தான் செய்யும். பயம் வளர்வது அதற்கடுத்து நாம் செய்வதில்தான். கால் பின்னால் போன பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அநேகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவீர்கள், அல்லது கணவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வீர்கள். போனில் படம் வந்தால் சட்டென்று தள்ளிவிடுவீர்கள். அந்த நிமிடம் நிம்மதியாக இருக்கும். ஆனால் அது குழாய்தான், அது வெறும் படம்தான் என்கிற செய்தி உங்கள் மூளையின் அந்தப் பழைய பாகத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. தப்பித்தோம் என்பதை மட்டும்தான் அது கற்றுக்கொள்கிறது.

அதனால் துள்ளிய பிறகு, நின்ற இடத்திலிருந்தே அந்தப் பொருளைத் திரும்பப் பாருங்கள். இரண்டு எட்டு தள்ளி நிற்பதில் தவறில்லை. குழாய் என்று கண்ணுக்கு நிச்சயமானதும் பக்கத்தில் போய்க் கையில் எடுத்துச் சுருளைப் பிரித்து, மறுபடி சுருட்டிப் போடுங்கள். நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும், அடங்கும் வரை காத்திருந்து செய்தால் பலன் குறைவு.

படத்துக்குத் தனியாக ஒரு பயிற்சி. பகலில், மகள் தூங்கும் நேரத்தில், தினம் அரை மணி ஒதுக்குங்கள். குழந்தைகள் புத்தகத்தில் இருக்கும் பாம்புச் சித்திரத்தில் தொடங்குங்கள். பயத்துக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பாருங்கள். பார்த்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள்: செதில் எப்படி அடுக்கியிருக்கிறது, தலை எங்கே முடிகிறது, கண்மணி வட்டமா நீளமா, வயிற்றுப்பக்க நிறம் என்ன. தொடக்கத்தில் எட்டு இருந்தது நாலுக்கு வரும் வரை புத்தகத்தை மூடாதீர்கள். எட்டிலேயே மூடிவிட்டால் அன்றைக்குத் தப்பித்ததுதான் மனத்தில் நிற்கும். சித்திரம் சலித்துப்போனதும் புகைப்படம், அப்புறம் அசையாத பாம்பின் வீடியோ, பிறகு ஊர்ந்து போகும் வீடியோ. நம்மூர்ச் சாரைப்பாம்பு, தண்ணீர்ப் பாம்பு, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். அது பயிற்சிக்கும் நல்லது, உங்கள் ஊரில் பாதுகாப்புக்கும் நல்லது. எப்போதாவது சென்னைக்கு வந்தால் கிண்டி பாம்புப் பண்ணைக்குப் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பாருங்கள்.

குறிப்பிட்ட ஒன்றின் மேல் வரும் பயத்துக்கு இந்த நேர்கொள்ளும் சிகிச்சை அளவுக்கு நன்றாகக் கேட்கும் வைத்தியம் வேறு எதுவும் இல்லை. ஸ்வீடனில் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் என்ற உளவியலாளர் 1980-களின் கடைசியிலேயே, ஒரே அமர்வில், அதிகபட்சம் மூன்று மணி நேரத்தில் இதைச் செய்து முடிக்கலாம் என்று காட்டினார். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சிலந்திப் படங்களைத் திரும்பத் திரும்பக் காட்டிய பிறகு, சிலந்திக்குப் பயந்தவர்கள் உயிருள்ள பெரிய சிலந்திக்கு முன்னைவிடக் கொஞ்சம் பக்கத்தில் போக முடிந்தது என்று அமெரிக்காவில் ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஒளித்துவைத்த படம் என்றாலே கெடுதல் என்று நினைக்கும் உங்கள் கொழுந்தனாருக்கு இதையும் சொல்லுங்கள். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது கண்ணைத் திறந்து பார்க்கும் முறையைத்தான். பலன் உறுதியாகத் தெரிந்த முறை அதுதான்.

மகளைப் பற்றி நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தில் அந்தக் கவலை தெரிகிறது. பயம் ரத்தத்தில் மட்டும் வருவதில்லை, முகத்தைப் பார்த்தும் ஒட்டிக்கொள்ளும். ஒன்றரை வயதுக் குழந்தைகளிடம் ரப்பர் பாம்பையும் ரப்பர் சிலந்தியையும் காட்டி, தாய் முகம் சுளித்தபோது என்ன ஆகிறது, சிரித்தபோது என்ன ஆகிறது என்று ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். தாய் பயந்த முகம் காட்டிய பொம்மையிடம், சிறிது நேரம் கழித்துக் காட்டினாலும் குழந்தை போகத் தயங்கியது. நீங்கள் ஒரு தடவை துள்ளியதைக் குழந்தை பார்த்துவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. துள்ளிய பிறகு குழாயைக் கையில் எடுத்து, “அம்மா பாம்புன்னு நினைச்சுட்டேன், பாரு, குழாய்!” என்று அவள் முன்னால் சொல்லுங்கள். உங்களுக்குச் சொன்ன அதே பயிற்சிதான், அவளுக்கும் பாடமாகிவிடும்.

பயத்தைக் குறைக்கச் சொல்கிறேனே தவிர, எச்சரிக்கையைக் கைவிடச் சொல்லவில்லை. இரவில் கொல்லைப்புறம் போகும்போது டார்ச்சும் செருப்பும் கட்டாயம். கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், பல்தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அதனால் கட்டிலில், கொசுவலையைப் பாய்க்கடியில் நன்றாகச் செருகிப் படுங்கள். குளியலறைச் சாக்கடை வாய்க்குச் சல்லடை போடுங்கள். இவையெல்லாம் ஒரு தடவை செய்துவிட்டு வேறு வேலை பார்க்க வேண்டியவை. குளியலறைக்குள் போகும் முன் கணவரை அனுப்பி நாலு மூலையும் பார்க்கச் சொல்வது இந்தக் கணக்கில் வராது, அதைப் படிப்படியாக நிறுத்துங்கள். முதலில் அவர் வாசலில் நிற்கட்டும், பிறகு கூடத்தில் இருக்கட்டும், அப்புறம் தேவைப்படாது.

ஒரு மாதம், ஒன்றரை மாதம் விடாமல் செய்தும் மாற்றம் தெரியவில்லை என்றாலோ, தூக்கத்தில் பாம்புக் கனவு கண்டு அலறி எழுகிறீர்கள், இரவில் குளியலறைக்குப் போக முடியாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டீர்கள் என்கிற நிலை வந்தாலோ, தனியாக முயல வேண்டாம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உளவியலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்குக் கட்டணமில்லாமல் எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.